ஒரே ஒரு பிரிட்டிஷ் ராக் குழுதான் வாங்க முடியும் என்றால் எது? (இடதுகை டிரம்மர் வீட்டிலிருந்து)

இடக்கை அப்பா:

வணக்கம். ஓர் உதவி வேண்டும். என் பெண்ணுக்கு 14 வயது. ஒன்றரை வருடமாக டிரம்ஸ் கற்றுக்கொள்கிறாள். பிறந்தநாளுக்கு ரெக்கார்டு பிளேயர் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். அதோடு கையிருப்பு கரைந்துவிட்டது. மிச்சமிருக்கும் பணத்தில் நான்கைந்து எல்பி வாங்கலாம், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒன்றாக வாங்கலாமே என்றால் மறுக்கிறாள். ஒரே குழு, அதன் ஆல்பங்கள் வரிசையாக வேண்டுமாம். 60களிலும் 70களிலும் கொடிகட்டிய பிரிட்டிஷ் ராக் குழுவாக இருக்க வேண்டும் என்பது அவள் வாத்தியார் போட்ட விதை. எனக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாது. பீட்டில்ஸ் பாட்டு பத்து, குயீன் பாட்டு நாலு, பிங்க் ஃப்ளாய்டின் முக்கோணம் போட்ட டிஷர்ட் ஒன்று. என் சொத்து இவ்வளவே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதுதான் சிக்கலே. அவள் இடதுகைக்காரி. வகுப்பில் இருப்பது ஒரே ஒரு டிரம்ஸ் செட், வலதுகைக்காரர்களுக்கு அமைத்தது. வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடப்பக்கம் இருக்கும் ஹைஹாட்டை, அதாவது ஜோடித் தட்டை, தட்டச் சொல்கிறார்கள். அவளுக்குக் கை பின்னிக்கொள்கிறது, குச்சியோடு குச்சி மோதுகிறது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். அவளுக்குத் தெம்பு தருகிற மாதிரி ஒரு குழு சொல்லுங்கள்.

நாலுபேர்:

பீட்டில்ஸ். இழையை மூடிவிடலாம்.

இடியோசை:

டிரம்ஸ் கற்கிற பிள்ளைக்கு லெட் ஸெப்பலினைத் தவிர வேறு எதையாவது சொல்பவர் அந்தப் பிள்ளைக்கு எதிரி. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையே போடுங்கள், 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்', 1969. காலால் அடிக்கும் கிக் டிரம்மில் மும்மூன்றாக வந்து விழும் அடியைக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்திலேயே நிறையப் பேர் டிரம்மர் ஜான் பானம் இரண்டு பெடல் வைத்திருக்கிறார் என்று நினைத்தார்கள். ஒரே பெடல், ஒரே கால். அப்போது அவருக்கு வயது இருபது.

வாட்டர்லூ வாசி:

கிங்க்ஸ் என்று ஒரு குழு இருந்தது. சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

பழைய ரெக்கார்டு:

இடக்கை அப்பா, முதலில் உங்கள் பெண்ணிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடதுகைக்காரர். ஆனால் வாழ்நாள் முழுக்க வாசித்தது வலதுகை செட்டில். பாட்டின் இடைவெளியில் உருட்டி நிரப்புகிறோமே, டிரம்மர்கள் ஃபில் என்பார்கள், அதை வலதுகைக்காரர் முன்னால் இருக்கும் சிறிய டிரம்மான ஸ்னேரில் தொடங்கி வரிசையாக வலப்பக்கம் இறக்கிக்கொண்டு போவார். ரிங்கோவுக்கு இடது கைதான் முன்னால் வரும். அதனால் அந்த வரிசை அவருக்குச் சரளமாக வராது, உருட்டு வேறு மாதிரி இடறி விழும். 'கம் டுகெதர்' கேளுங்கள், 'எ டே இன் தி லைஃப்' கேளுங்கள். நம் காதுக்குப் புதுமையாகப் படுவதில் பாதி, கை மாறியதால் வந்தது. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு சொல்லியும் நான் பீட்டில்ஸ் கட்சி இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ். காரணத்தை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

நாலுபேர்:

இடதுகை டிரம்மரே கிடைத்தாயிற்று. பாடுகிற பால் மெக்கார்ட்னியும் இடதுகை. இன்னும் என்ன வேண்டும்?

கோபக்காரன்:

ரிங்கோ நல்ல மனிதர். ஆனால் 14 வயதில் நல்ல மனிதரைக் கேட்டு யார் டிரம்ஸ் அடிக்க ஆசைப்படுவார்கள்? அந்த வயதுக்குப் புயல் வேண்டும். தி ஹூ. டிரம்மர் கீத் மூன்.

மற்றவர்கள் ஹைஹாட்டில் தாளம் பிடித்துக்கொண்டு பாட்டைக் காப்பாற்றுவார்கள். மூன் ஹைஹாட்டைத் தொடுவதே அபூர்வம். பாடகர் ஒரு வரி பாடினால் அந்த வரிக்கு மேலேயே ஏறிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். தாளத்தை யார் பார்த்துக்கொள்வது என்றால் கிதார்காரர் பீட் டவுன்ஷெண்ட் பார்த்துக்கொள்வார். பாஸ் வாசிக்கும் ஜான் என்ட்விசில் தனிக் கச்சேரி நடத்துவார். ஒரு குழுவில் எல்லாருடைய வேலையும் தலைகீழ். 'லைவ் அட் லீட்ஸ்' 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் பதிவானது. அதைப் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள்.

உங்கள் பெண்ணுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. 1973 நவம்பர் 20, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கவ் பேலஸ் அரங்கம். மூன் மேடையிலேயே மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போய்த் தெளிவித்துக் கூட்டிவந்தார்கள், மறுபடி விழுந்தார். டவுன்ஷெண்ட் கூட்டத்தைப் பார்த்து, இங்கே யாருக்காவது டிரம்ஸ் வாசிக்கத் தெரியுமா, நன்றாக வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை மேடையேற்றினார்கள். டிக்கெட் வாங்கி வந்தவன், கடைசிப் பாட்டுகளை ஹூவோடு வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

இடியோசை:

மயங்கி விழும் டிரம்மரை 14 வயதுக்குப் பரிந்துரைக்கிறீர்கள். நன்று.

கோபக்காரன்:

பானம் எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லையே.

மட்டுறுத்துனர்:

இருவரும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கவும். மூன் 1978, பானம் 1980. இரண்டுமே வருத்தமான மரணங்கள். இழையில் கேட்டிருப்பது வேறு.

பல்லவியற்றவள்:

குயீன் பெயரை யாருமே சொல்லவில்லை, எல்லாரும் என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் என்று புரிகிறது :)

என் வாதம் ஒன்றுதான். உலகத்திலேயே அதிகப் பேருக்குத் தெரிந்த ராக் தாளம் எது? 'வீ வில் ராக் யூ', 1977. தொடையும் கையும் இருந்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் வாசிக்கும். வேடிக்கை என்னவென்றால் அதில் டிரம்ஸே கிடையாது. காலால் தரையை உதைத்து, கை தட்டி, அதையே திரும்பத் திரும்ப மேலே மேலே பதிவு செய்து கூட்டமாக ஆக்கினார்கள். எவ்வளவு தாமதத்தில் ஒவ்வோர் அடுக்கும் வர வேண்டும் என்று கணக்குப் போட்டவர் கிதார்காரர் பிரையன் மே. அவர் இயற்பியல் படித்தவர், பாதியில் விட்ட ஆய்வைப் பிறகு முடித்து 2007இல் முனைவர் பட்டமே வாங்கினார். கிதாரையும் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம்தான் அந்தக் கிதாரின் கழுத்து.

டிரம்மர் ரோஜர் டெய்லரைப் பற்றி ஒரு வம்பு. 'பொஹீமியன் ராப்ஸடி' சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்த பாட்டு அவர் எழுதியது, கார் மேல் காதல் கொண்டவனைப் பற்றி. ரெக்கார்டுக்கு இரண்டு பக்கம், ஆகவே ராயல்டியும் பாதிப் பாதி. முன்பக்கத்துக்குப் பாடகர் ஃப்ரெடி உயிரைக் கொடுத்தார், பின்பக்கத்துக்கு டெய்லர் அதே காசை வாங்கினார். குழுவுக்குள் இதனால் கொஞ்சநாள் புகைச்சல்.

பழைய ரெக்கார்டு:

வந்துவிட்டேன். எலுமிச்சைச் சாதம், அப்பளம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் ஜாஸ் ஆசாமி. விளம்பர நிறுவனத்தில் வரைகலை வேலை. 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தார், 2021 ஆகஸ்டில் இறக்கும்வரை அதே நாற்காலி. உலகம் முழுக்கச் சுற்றினார், தங்கிய ஓட்டல் கட்டில்களை எல்லாம் நோட்டில் வரைந்து வைத்தார். கூட்டாளிகள் கூத்தடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் கட்டில் வரைந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த படிமம்.

அவர் வாசிப்பில் ஒரு விசித்திரம் உண்டு. ராக் டிரம்மர்கள் ஹைஹாட்டை எட்டு எட்டாக விடாமல் தட்டுவார்கள், இரண்டாவது நான்காவது அடியில் ஸ்னேரும் கூடவே விழும். வாட்ஸ் ஸ்னேரை அடிக்கும் அந்தக் கணத்தில் ஹைஹாட் கையைத் தூக்கிவிடுவார். இரண்டும் சேர்ந்து விழாது. ஸ்னேர் தனியாக, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி கேட்கும். ஒரு பழைய வீடியோவில் அவர் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள், புரியும்.

நீங்கள் ஐந்து எல்பி கேட்டீர்கள். நான்கே போதும். 'பெக்கர்ஸ் பேங்க்வெட்' 1968, 'லெட் இட் ப்ளீட்' 1969, 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' 1971, 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 1972. கடைசியது இரட்டை. வரிக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டு ஓடி, தெற்கு பிரான்சில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த பங்களாவின் நிலவறையில் பதிவு செய்தது. கீழே அவ்வளவு புழுக்கம், கிதார் சுருதி நிற்காதாம். வெளியே வாசலில் ஒரு லாரி, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவிகள்.

அந்த லாரியைப் பற்றித் தனி இழையே போடலாம். ஸ்டோன்ஸின் சொந்த நடமாடும் ஸ்டுடியோ அது. லெட் ஸெப்பலின் நான்காவது ஆல்பத்துக்கு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஏழைவிடுதியில் தங்கிப் பதிவு செய்தபோது வாசலில் நின்றது இதே லாரி. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோ ஊருக்கு வாடகைக்குக் கொண்டுபோனதும் இதே லாரி. அவர்கள் பதிவு செய்யவிருந்த சூதாட்ட விடுதி முந்தின நாள் கச்சேரியில் தீப்பிடித்து எரிந்தது. ஏரிமேல் பரவிய புகையைப் பார்த்துப் பிறந்ததுதான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. ஆக, இடியோசை கட்சியும் ஸ்டோன்ஸுக்கு லாரி வாடகை பாக்கி.

இடியோசை:

வாடகை எப்போதோ கொடுத்தாயிற்று :) லாரி யாருடையதாக இருந்தால் என்ன, மாடிப்படி எங்களுடையது.

ஹெட்லி கிரேஞ்சில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு படிக்கட்டுக் கூடம். புது டிரம்ஸ் செட் வந்திறங்கியது. கூடத்தின் அடியில் வைத்துப் பானம் அடித்துப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்படியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். கிக் டிரம்முக்குத் தனி மைக் இல்லை, ஸ்னேருக்குத் தனி மைக் இல்லை. 'வென் தி லெவீ பிரேக்ஸ்' முதல் நான்கு நொடி போதும். அதற்குப் பிறகு வந்த ஹிப்ஹாப்காரர்கள் அந்த அடியை வெட்டி எடுத்து எத்தனை பாட்டில் ஒட்டினார்கள் என்று எண்ணி முடியாது.

வாட்டர்லூ வாசி:

அந்தப் பாட்டு 1929இல் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தது. அதில் மின்னியின் பெயரைப் போட்டார்கள், சரி. ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்'வுக்கு ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் பெயர் வர ஒரு வழக்கு தேவைப்பட்டது. இதையும் பெண்ணிடம் சொல்லுங்கள்.

பழைய ரெக்கார்டு:

நியாயம். எங்கள் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். 'பெக்கர்ஸ் பேங்க்வெட்'டில் 'ப்ராடிகல் சன்' ராபர்ட் வில்கின்ஸ் பாட்டு. முதலில் வந்த பிரதிகளில் எழுதியவர்கள் ஸ்டோன்ஸின் ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்று போட்டிருந்தது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் ரெக்கார்டு இல்லாமல் இந்த இழையில் இருக்கும் குழுக்களில் பாதிக்குமேல் பிறந்தே இருக்காது. ஸ்டோன்ஸ் பெயரே மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து எடுத்தது.

மிஸ்ரசாபு:

எனக்கு மிருதங்கம் பன்னிரண்டு வருடம். ராக் கேட்க ஆரம்பித்தது தாமதமாக, கல்லூரி விடுதியில். ஆகவே என் காது கொஞ்சம் கோணல். கோணலாகவே எழுதுகிறேன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டை எத்தனையோ பேர் முணுமுணுக்கிறார்கள், எத்தனை எண்ணிக்கை என்று கேட்டால் நாலு என்பார்கள். ஏழு. தகிட தகதிமி சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். காசு விழும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாம் டேப்பை வெட்டி ஒட்டிச் செய்தது, அதுவும் அதே ஏழில். கிதார் தனி வரும்போது நாலுக்குத் தாவிவிடும், பிறகு ஏழுக்குத் திரும்பும். ஊரெல்லாம் ஓடிய பாட்டு மிஸ்ரத்தில் இருப்பது எனக்கு அடங்காத சந்தோஷம்.

அப்புறம் ஸெப்பலினின் 'காஷ்மீர்'. கிதார் மும்மூன்றாகப் போகும், பானம் நந்நான்காக நடப்பார். பன்னிரண்டில் இருவரும் சந்திப்பார்கள். எங்கள் ஊர் தனியாவர்த்தனத்தில் இது சாதாரணக் கணக்கு. ஆனால் பானம் கணக்குக் காட்டுவதே இல்லை, யானை நடக்கிற மாதிரி நடந்துகொண்டே இருக்கிறார். அந்த அடக்கம் எனக்கு வராது. பாட்டு எழுதிய ராபர்ட் பிளாண்ட் அதுவரை காஷ்மீருக்குப் போனதே இல்லை, வரிகள் தோன்றியது மொரோக்கோவின் பாலைவனச் சாலையில்.

பீட்டில்ஸ் கட்சிக்கு: 'ஹியர் கம்ஸ் தி ஸன்' நடுப்பகுதியில் மூன்று மூன்றாக விழுந்து, இடறுவது போல் போக்குக் காட்டிவிட்டு, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து நிற்கும். மிருதங்கத்தில் தீர்மானம் வைத்து முடிப்பது போலத்தான். ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர், அங்கிருந்து வந்தது. ரிங்கோ அதைத் தலையைச் சொறிந்துகொண்டு மனப்பாடம் செய்தாராம்.

இவ்வளவையும் வைத்து என் ஓட்டு ஸெப்பலின். ஆனால் அரை மனசோடு.

இருண்ட பக்கம்:

மிஸ்ரசாபு, எங்கள் கட்சிக்குப் பேசிவிட்டு ஓட்டை அங்கே போட்டால் எப்படி? ஃப்ளாய்டின் எல்லா ஸ்டுடியோ ஆல்பத்திலும் இருக்கும் ஒரே ஆள் டிரம்மர் நிக் மேசன். பாடகர் மாறினார், கிதார்காரர் வந்தார், தலைவர் போனார், கீபோர்டுக்காரரை நீக்கித் திரும்பச் சேர்த்தார்கள். மேசன் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973இல் வந்தது, அமெரிக்காவின் முதல் 200 பட்டியலில் 1988வரை மொத்தம் 741 வாரம் இருந்தது.

கோபக்காரன்:

741 வாரமும் மேசன் அதே வேகத்தில்தான் வாசித்தார். பிள்ளை தூங்கிவிடும்.

பர்மிங்காம் பஸ்:

நான் வேலை நிமித்தமாகப் பர்மிங்காமில் இருக்கிறேன். பேருந்தில் தினமும் பிராட் ஸ்ட்ரீட் வழியாகப் போக்குவரத்து. அங்கே கால்வாய் மேல் உள்ள பாலத்துக்கு பிளாக் சாபத் குழுவின் பெயர் வைத்து, நாலு பேர் முகத்தோடு ஒரு பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டன் பக்கத்து வில்லா பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. அசல் நால்வரும் இருபது வருடத்துக்குப் பிறகு ஒன்றாக மேடையேறினார்கள். பாடகர் ஆஸி ஆஸ்பார்னால் நிற்க முடியவில்லை, சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து இறந்துவிட்டார். அந்த வாரம் பாலத்தில் பூ வைக்க இடமில்லை. டாட்டூ குத்திய தாத்தாக்கள் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு ராக் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் இறங்கிப் போய் நின்றேன்.

அங்கே நின்றபோது ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டது இந்த இழைக்குப் பொருந்தும். கிதார்காரர் டோனி அயோமி இடதுகைக்காரர். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை, அன்றோடு வேலையை விட்டுவிடுவதாக இருந்தார். அன்றைக்கென்று எந்திரத்தில் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டன. இடதுகைக்காரருக்குத் தந்தியை அழுத்தும் கை வலதுதான். மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேலாள் ஒருவர், இரண்டு விரல் செயலிழந்த ஜாஸ் கிதார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அயோமி பாட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்தார். பிறகு தந்தியையும் தளர்த்தினார், சுருதி இறங்கியது. ஹெவி மெட்டலின் அந்தக் கனமான ஒலியில் இதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள்.

இடக்கை அப்பா:

இதை அவளிடம் படித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ மெட்டல் மட்டும் வேண்டாம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பழைய ரெக்கார்டு:

அம்மாவின் ஓட்டு செல்லும். ஆனால் முதல் சாபத் ஆல்பத்தை ஒருமுறை கேட்கவிடுங்கள். ஒரே நாளில் பதிவு செய்தது. டிரம்மர் பில் வார்டு ஜாஸ் பித்தர், மெட்டலுக்குள் ஊஞ்சல் மாதிரி ஓர் ஆட்டம் வைத்திருப்பார். பின்னால் வந்த மெட்டல் குழுக்கள் கனத்தை எடுத்துக்கொண்டு ஊஞ்சலை விட்டுவிட்டன.

வாட்டர்லூ வாசி:

சரி, இப்போதாவது கேளுங்கள்.

கிங்க்ஸ். வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில் வளர்ந்த அண்ணன் தம்பி, ரே டேவிஸ், டேவ் டேவிஸ். 1964இல் 'யூ ரியலி காட் மீ'. தம்பி தன் சின்ன ஆம்பிளிஃபையரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினான். கரகரப்பு பிறந்தது. இங்கே நீங்கள் கொண்டாடும் கனமான குழுக்கள் எல்லாம் அந்தக் கீறலின் வழியாக வந்தவை. 1965இல் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் இறங்கினார்கள். விடியற்காலைக் கடற்கரையில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதை ரே கேட்டார். அதிலிருந்து 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்', தம்புரா போல ரீங்கரிக்கும் கிதார். பீட்டில்ஸ் பாட்டில் சிதார் வந்தது அதற்குப் பிறகுதான்.

அதே ஆண்டு அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தடை போட்டது, நான்கு வருடம் அங்கே வாசிக்க முடியவில்லை. மற்றவர்கள் அமெரிக்காவை வென்றுகொண்டிருந்தபோது ரே வீட்டில் உட்கார்ந்து இங்கிலாந்தைப் பற்றி எழுதினார். தேநீர், வரி, ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்தில் சந்திக்கும் இருவர், காணாமல் போகும் கிராமத்துப் புல்வெளி. 'வில்லேஜ் கிரீன்' ஆல்பம் 1968 நவம்பர் 22 அன்று வந்தது. அதே நாளில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் வந்தது. யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இழையைப் போலவே.

இடியோசை:

உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது டிரம்ஸ் இழை. உங்கள் டிரம்மர்?

வாட்டர்லூ வாசி:

மிக் ஏவரி. நல்லவர். 'யூ ரியலி காட் மீ'யில் டிரம்ஸ் வாசித்தது மட்டும் அவர் இல்லை, பாபி கிரஹாம் என்ற செஷன் கலைஞர், ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிப்பவர். ஏவரி டாம்பரின்.

1965 மே மாதம் கார்டிஃப் மேடையில் டேவ் டேவிஸ் அவர் டிரம்ஸை உதைத்துத் தள்ளினார், ஏவரி பதிலுக்கு ஹைஹாட்டைத் தூக்கி டேவ் தலையில் ஒரே போடு. செத்துவிட்டார் என்று நினைத்து ஓடி ஒளிந்தாராம். பதினாறு தையல். பிறகும் இருவரும் பல வருடம் ஒரே குழுவில் இருந்தார்கள்.

கோபக்காரன்:

ஹைஹாட்டின் சரியான பயன்பாடு. முதல்முறையாகக் கிங்க்ஸ் மேல் மரியாதை வருகிறது.

மிஸ்ரசாபு:

இடக்கை அப்பா, செட்டையே மாற்றி வைத்து வாசிக்கும் இடதுகைக்காரர்களும் உண்டு. டீப் பர்ப்பிளின் இயன் பெய்ஸ், ஜெனிசிஸின் ஃபில் காலின்ஸ். பெய்ஸ் அந்தக் குழுவின் எல்லா அணிகளிலும் இருந்த ஒரே ஆள். வகுப்பில் செட்டைத் திருப்பி வைக்க அரை மணி நேரம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இடக்கை அப்பா:

கேட்டுவிட்டேன். ஒருத்திக்காகத் திருப்பினால் அடுத்த பையனுக்கு யார் திருப்புவது என்கிறார்கள். விடுங்கள்.

எல்லாரும் ஆளுக்கு ஒரு பாட்டு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கிறோம். ஆல்பம் அவளே முடிவு செய்யட்டும்.

நாலுபேர்:

'ரெய்ன்', 1966. ரிங்கோவே தன் சிறந்த வாசிப்பு என்று சொன்னது.

இடியோசை:

'வென் தி லெவீ பிரேக்ஸ்'. வேறு என்ன?

கோபக்காரன்:

'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்'. முழு நீளம், எட்டரை நிமிடம். நடுவில் நிறுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும்.

பழைய ரெக்கார்டு:

'ஹாங்கி டாங்க் விமன்', 1969. தொடக்கத்தில் கௌபெல் தட்டுவது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். டிரம்ஸ் நுழையும் இடம் கொஞ்சம் வழுக்கும், போகப்போக வேகமும் கூடும். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் நேராக்கிவிடுவார்கள்.

இருண்ட பக்கம்:

'டைம்'. கடிகாரம் எல்லாம் அடித்து ஓய்ந்தபிறகு மேசன் தனியாக இருப்பார்.

வாட்டர்லூ வாசி:

'வாட்டர்லூ ஸன்செட்'. டிரம்ஸைக் கவனிக்க வேண்டாம். பாட்டைக் கேளுங்கள்.

இடக்கை அப்பா:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஆரம்பித்தோம். 'லெவீ' போட்டதும் எழுந்து நம் மாடிப்படியில் போய்க் கை தட்டிப் பார்த்தாள். செட்டை இங்கே வைக்கலாமா என்றாள். அம்மா பதிலே சொல்லவில்லை. ஹூ பாட்டுக்கு வாய்விட்டுச் சிரித்தாள், இவருக்கு யாருமே சோறு போடவில்லையா என்று கேட்டாள். 'ரெய்ன்' இரண்டு முறை. 'டைம்' நடுவில் நான் தூங்கிவிட்டேன், அவள் தூங்கவில்லை.

அன்று இரவு சார்லி வாட்ஸ் கையை வீடியோவில் பார்த்தாள். பழைய ரெக்கார்டு ஐயா சொன்ன அந்தத் தூக்கல். மறுநாள் வகுப்பில் அதையே செய்திருக்கிறாள். வாத்தியார் சொன்னபடி வலது கை குறுக்கே ஹைஹாட்டில். ஸ்னேர் அடி வரும்போது மட்டும் அந்தக் கையைத் தூக்கிவிட்டாள். இடது கைக்கு வழி கிடைத்தது, குச்சி மோதவில்லை. ஒரு பாட்டு முழுக்க வாசித்துவிட்டு வந்தாள். வாத்தியார் அது தப்பான பழக்கம் என்றாராம். அறுபது வருடம் ஒருத்தர் இப்படித்தான் சம்பாதித்தார் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். வாய் என்னுடையது.

நான்கு ஆல்பமும் வாங்கியாயிற்று. 'எக்ஸைல்' விலை கொஞ்சம் இடித்தது, ஆகவே ஐந்தாவதுக்குப் பணம் இல்லை.

பழைய ரெக்கார்டு:

இன்று நான் தூங்க மாட்டேன்.

நாலுபேர்:

இடதுகைப் பெண், இடதுகை டிரம்மர், வாங்கியது ஸ்டோன்ஸ். இந்த மன்றத்தில் எனக்கு நியாயம் கிடைக்காது.

இடியோசை:

மாடிப்படி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அம்மா ஊருக்குப் போகும் நாள் வரும்.

இடக்கை அப்பா:

வாட்டர்லூ வாசி, உங்களுக்கும் ஒன்று. நேற்று அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டு முணுமுணுத்தது ஸ்டோன்ஸ் இல்லை. அந்த ரயில் நிலையப் பாட்டு.

வாட்டர்லூ வாசி:

முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். என்னிடம் 'வில்லேஜ் கிரீன்' இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றின் அட்டை மூலையில் காபிக் கறை, அதைத்தான் அனுப்புவேன். முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். நடுவில் ஊசியைத் தூக்கி வைக்கக் கூடாது.